வறண்ட ஓடையில் வெள்ளம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலைவன ஓடைகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே சுற்றிச் சுற்றி இதே சந்தேகங்கள்தான் வருகின்றன. கேட்பவர்களில் பெரும்பாலோர் வருடம் முழுக்க ஓடும் ஆற்றை மனதில் வைத்துக்கொண்டு கேட்கிறார்கள். குழப்பத்தின் பாதி அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே போட்டிருக்கிறேன். எளியவை முதலில், போகப் போகக் கொஞ்சம் சிக்கலானவை.

தண்ணியே ஓடாத இடத்தை ஓடைன்னு எப்படிச் சொல்றீங்க?

தண்ணீர் வெட்டிய தடம் இருக்கிறதா என்பதை வைத்துத்தான். இரு பக்கமும் கரை, நடுவில் மணலோ கூழாங்கல்லோ பரவிய படுகை, கரையோரம் வரிசை பிடித்த மரங்கள் இருந்தால் அது ஓடைதான், வருடத்தில் சில மணி நேரமே ஓடினாலும். சில ஓடைகளில் தொடர்ந்து இரண்டு மூன்று வருடம் ஒரு சொட்டுகூட வராது. அரபு நாடுகளில் வாதி, அமெரிக்கத் தென்மேற்கில் வாஷ், அரோயோ என்று சொல்வதெல்லாம் இந்த வகையைத்தான்.

ஆற்றுக்கும் இதற்கும் அடிப்படை வேறுபாடு நிலத்துக்கு அடியில் இருக்கிறது. மழை இல்லாத மாதங்களிலும் ஆறு ஓடுவதற்குக் காரணம், பக்கத்து நிலத்தடி நீர் ஊறி ஊறி ஆற்றுக்குள் வந்துகொண்டிருப்பது. பாலைவனத்தில் நிலத்தடி நீர்மட்டம் படுகையைவிட வெகு ஆழத்தில் கிடக்கிறது. அதனால் நிலம் ஓடைக்குத் தருவதில்லை. ஓடைதான் நிலத்துக்குத் தருகிறது. கீழே வரும் பதில்களில் பலவற்றுக்கு இதுதான் வேர்.

மழையே பெய்யாத பாலைவனத்துல வெள்ளம் எங்கிருந்து வருது?

பெய்யாமல் இல்லை. குறைவாகப் பெய்கிறது, ஆனால் பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. அமெரிக்காவின் அரிசோனாவில் டூம்ஸ்டோன் ஊரைச் சுற்றி வால்நட் கல்ச் என்றொரு ஆய்வுப் பகுதி இருக்கிறது. சுமார் 150 சதுர கி.மீ. பரப்பில் மழைமானிகளை நெருக்கமாக நட்டு 1950களிலிருந்து அளந்து வருகிறார்கள். அங்கே வருட மழை 300 மி.மீ.யைச் சற்றுத் தாண்டும். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான இடிமழையில் வந்துவிடுகிறது. வெள்ளத்தைத் தீர்மானிப்பது வருடக் கணக்கு மழை அல்ல. மண் எவ்வளவு வேகத்தில் உறிஞ்சும், மழை எவ்வளவு வேகத்தில் விழுகிறது என்ற போட்டிதான். உறிஞ்சும் வேகத்தை மழை மிஞ்சினால், மிஞ்சியதெல்லாம் அப்படியே வழிந்தோடும்.

பாலைவனம்னா மணல்தானே, மணல் குடிச்சிடாதா?

மணல்மேடுகளில் பெய்வதை மணல் குடித்துவிடும். மணல்மேட்டிலிருந்து வெள்ளம் புறப்படுவது அபூர்வம். ஆனால் உலகப் பாலைவனங்களில் மணல்மேடுகள் பிடித்திருக்கும் இடம் சிறிய பங்குதான். மீதி பாறைச் சரிவும் கல்தரையும் இறுகிய மண்ணும். செடி கொடி மூடாத மண்மேல் மழைத்துளி நேராக அடிக்கும்போது, பொடித் துகள்கள் சிதறி மண்ணின் துளைகளை அடைத்து, மேலே மெல்லிய ஓடு கட்டிக்கொள்கிறது. அதற்குப் பிறகு அந்தச் சரிவு தகரக் கூரை மாதிரிதான், விழுந்தது நிற்காது.

ஆகச் சரிவு உறிஞ்சாது, ஓடையின் படுகை நன்றாக உறிஞ்சும். இந்த முரண்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெள்ளம் சுவர் மாதிரி எழும்பி வரும்னு சொல்றாங்களே, நிஜமா, சினிமாவா?

இரண்டும் கொஞ்சம் கொஞ்சம். அகலமான மணல் ஓடையில் முதலில் வருவது கணுக்கால் அளவு நுரைத்த சேற்றுநீர்தான். சருகும் சுள்ளியும் முன்னால் உருண்டு வரும். பார்ப்பதற்குப் பயமாக இருக்காது, அதுதான் அதில் உள்ள ஆபத்து. பின்னாலேயே நீர்மட்டம் நிமிடத்துக்கு நிமிடம் ஏறி, அரை மணிக்குள்ளேயே உச்சத்தைத் தொட்டுவிடக்கூடும். குறுகிய பாறை இடுக்கிலோ, மரமும் கல்லும் அடைத்துக்கொண்டு உடையும் இடத்திலோ உண்மையிலேயே சுவர் போல வரும்.

முன்முனை ஏன் இப்படிச் செங்குத்தாகிறது என்று கேட்டால், மேலே சொன்ன படுகைதான் ஒரு காரணம். முன்னால் ஓடும் மெல்லிய நீரை வறண்ட மணல் வாங்கிக்கொண்டே இருக்கிறது. பின்னால் வரும் நீர் ஆழமானது, ஆழமான நீர் வேகமாக ஓடும். முன்னால் இருப்பது தேய்ந்துகொண்டே போக, பின்னால் இருப்பது எட்டிப் பிடிக்க, நீளமாகக் கிடந்த வெள்ளம் முன்முனையில் ஒன்றாகக் குவிகிறது. நீர்வரத்தை நேரத்துக்கு எதிராக வரைந்தால் கோடு பூஜ்யத்திலிருந்து கிட்டத்தட்ட நேராக மேலே ஏறும். இறங்கும்போது கொஞ்சம் சாய்வாக இறங்கிப் பூஜ்யத்தைத் தொடும். ஆற்றின் வரைபடத்தில் இந்தப் பூஜ்யம் இருக்காது.

தலைக்கு மேல வானம் பளிச்சுன்னு இருக்கு, அப்புறம் என்ன பயம்?

பாலைவன இடிமழை மேகம் ஒன்று ஒரே நேரத்தில் நனைப்பது பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலத்தைத்தான். ஓடையின் நீர்ப்பிடிப்புப் பகுதி அதைவிடப் பல மடங்கு பெரியதாக இருக்கலாம். எனவே மேலே எங்கோ ஒரு கிளையில் மட்டும் மழை பெய்யும், நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், வெள்ளம் உங்களைத் தேடி வரும்.

1997 ஆகஸ்ட் 12 அன்று அரிசோனாவின் ஆண்டிலோப் பள்ளத்தாக்கில் நடந்தது இதுதான். கைகளை விரித்தால் இரு பக்கச் சுவரும் தொடும் அளவுக்குக் குறுகலான பாறை இடுக்கு. மழை பெய்தது பல கிலோமீட்டர் தள்ளி, மேட்டுப் பக்கத்தில். இடுக்குக்குள் இருந்த சுற்றுலாப் பயணிகள் 11 பேர் இறந்தார்கள். எனவே மேட்டுப் பக்கம், அடிவானத்தைப் பாருங்கள். அங்கே கருத்திருந்தாலோ, இடி கேட்டாலோ, காய்ந்த ஓடையில் திடீரென்று ஈரமண் வாசமோ உறுமலோ வந்தாலோ, சாமான்களை விட்டுவிட்டுக் கரையேறுங்கள்.

ஒரு தடவை வந்தா எவ்வளவு நேரம் ஓடும்?

வெள்ளத்தின் வகையைப் பொறுத்தது. நீரியலாளர்கள் பொதுவாக நான்காகப் பார்க்கிறார்கள். ஒற்றை இடிமழையால் சிறு நீர்ப்பிடிப்பில் வரும் திடீர் வெள்ளம் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். பரந்த புயல்மழையால் பெரிய ஓடையில் வரும் ஒற்றை உச்ச வெள்ளம் நாள் கணக்கில் நீடிக்கும். அடுத்தடுத்த மழையாலோ, பல கிளைகள் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்வதாலோ பல உச்சங்களோடு வருவது மூன்றாவது. மலைப் பனி உருகியோ பருவமழையாலோ வாரக்கணக்கில், மாதக்கணக்கில் ஓடுவது நான்காவது.

மூன்றாவது வகையில்தான் ஏமாந்துபோகிறார்கள். முதல் உச்சம் வடிந்ததும் ‘சரி, முடிந்தது’ என்று ஓடையில் இறங்குவார்கள். தூரத்துக் கிளையின் தண்ணீர் அப்போதுதான் வந்து சேரும்.

எத்தனை வருஷத்துக்கு ஒரு தடவை வரும்?

ஊருக்கு ஊர், ஓடைக்கு ஓடை மாறும். ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரில் டாட் ஆற்றின் காய்ந்த மணலில் வருடா வருடம் படகுப் போட்டி நடத்துகிறார்கள். அடிப்பாகம் இல்லாத படகைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். 1993இல் போட்டியை ரத்து செய்தார்கள். காரணம், ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது.

கீழே போகப் போக வெள்ளம் பெருகத்தானே செய்யணும்?

ஆற்றில் அப்படி. துணையாறுகள் சேரச் சேரப் பெருகும். பாலைவன ஓடையில் பெரும்பாலும் தலைகீழ். வழியில் சேர மழைநீர் இல்லை. படுகையோ உறிஞ்சிக்கொண்டே இருக்கிறது. ஓடும் தூரம் கூடக் கூட மொத்த நீரும் குறையும், உச்சமும் தாழும். வால்நட் கல்ச்சில் மேல்கிளைகளில் புறப்படும் வெள்ளங்களில் பல கடைசி அளவீட்டு இடம்வரை வந்து சேர்வதே இல்லை. ராஜஸ்தானின் லூனி, அஜ்மீர் பக்கம் ஆரவல்லி மலையில் பிறந்து சுமார் 500 கி.மீ. கடந்து கட்ச் வளைகுடாப் பக்கத்து ரண் உப்புச் சதுப்பில் கலக்கிறது. கடலைத் தொடுவதே இல்லை.

பெரிய அளவில் பார்க்க ஆஸ்திரேலியாவின் கூப்பர் க்ரீக் நல்ல உதாரணம். அது இடிமழை வெள்ளம் அல்ல. வடக்கே பெய்யும் பருவமழை, தட்டையான சமவெளியில் எண்ணற்ற கால்வாய்களாகப் பிரிந்து, பல பத்து கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவி, வாரக்கணக்கில் ஊர்ந்து வருகிறது. நடுப்பகுதியைக் கடப்பதற்குள் நீரில் முக்கால் பங்குக்கு மேல் ஊறியும் ஆவியாகியும் போய்விடுகிறது. அதனால்தான் அது சேர வேண்டிய அயர் ஏரி பெரும்பாலான வருடங்களில் உப்புத் தரையாகவே கிடக்கிறது. 1974இல் நிரம்பியது இன்றும் பேசப்படுகிறது.

ஒரு எச்சரிக்கை: ‘தூரத்தில்தானே வெள்ளம், இங்கே வருவதற்குள் குறைந்துவிடும்’ என்று இதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நேற்று ஒரு வெள்ளம் வந்து படுகை நனைந்திருந்தால் இன்றைய வெள்ளத்தை அது முன்போல வாங்காது.

அப்ப உறிஞ்சின தண்ணியெல்லாம் வீண்தானா?

வீண் என்று சொன்னால் கரையோர மரங்கள் கோபித்துக்கொள்ளும். பாலைவனத்தில் நிலத்தடி நீர் சேரும் முக்கிய வழிகளில் ஒன்று இந்தப் படுகைதான். நமீபியாவின் குய்செப் ஓடை வருடத்தில் சில நாட்கள் ஓடினால் பெரிது. ஆனால் அதன் மணலுக்கடியில் சேரும் நீரை நம்பிப் பெரிய வேல மரங்கள் நிற்கின்றன, மக்களும் கால்நடைகளும் வாழ்கிறார்கள். அந்த வெள்ளத்துக்கு இன்னொரு வேலையும் உண்டு. தெற்கிலிருந்து வரும் மணல்மேடுகள் ஓடையைத் தாண்டி வடக்கே போகாதபடி, படுகையில் விழும் மணலை அவ்வப்போது அடித்துக்கொண்டு போகிறது. செயற்கைக்கோள் படத்தில் பார்த்தால் தெற்கே மணல் கடல், வடக்கே கல்தரை, நடுவில் கோடு கிழித்தாற்போல் குய்செப்.

கென்யாவின் கிட்டுயி பகுதியில் ஓடைக்குக் குறுக்கே தாழ்வான சுவர் எழுப்பி, வெள்ளம் கொண்டுவரும் மணலை அதன் பின்னால் சேரவிடுகிறார்கள். மணலின் இடைவெளிகளில் தண்ணீர் தங்கும். வெயில் அதை எளிதில் எடுக்க முடியாது. கோடையில் மணலைத் தோண்டி நீர் எடுப்பார்கள். கவனிக்க வேண்டியது வண்டல். வெள்ளம் வடியும்போது படியும் நுண்ணிய களிமண் படுகையின் மேல் பூசிக்கொண்டு ஊறுவதைத் தடுக்கும். அடுத்த பலமான வெள்ளம் அதைப் பிய்த்தெறிந்தால்தான் மீண்டும் நன்றாக ஊறும்.

தண்ணி ஏன் அவ்வளவு கலங்கலா, குழம்பா வருது?

தடுக்க வேரும் புல்லும் இல்லாததால் சரிவிலிருந்தே மண் கரைந்து வருகிறது. படுகையும் தயாராக இருக்கிறது. ஆண்டு முழுக்க ஓடும் ஆற்றில் பொடி மணல் மெல்ல மெல்ல அடித்துச் செல்லப்பட்டு, மேலே பெரிய கற்கள் கவச அடுக்காக மிஞ்சும்; அது அடியில் உள்ளதைக் காக்கும். பாலைவன ஓடையில் அந்த அடுக்கு உருவாக நேரமே கிடைப்பதில்லை. இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் நஹல் யாத்திர் ஓடையில் அளந்து 1993இல் வெளியிட்டார்கள்: ஈரப் பகுதி ஆறுகளோடு ஒப்பிட்டால், கல்லையும் மணலையும் உருட்டிச் செல்லும் திறன் 400 மடங்குவரை அதிகம்.

வெள்ளம் வடிஞ்சு பார்த்தா படுகை பழைய மாதிரியேதான் இருக்கு. பெரிசா ஒண்ணும் அரிக்கல போல?

அரித்தது, மறுபடி நிரப்பியும் விட்டது. நீர் ஏறும்போது படுகை மணல் கிளம்பி ஆழமாகிறது. நீர் இறங்கும்போது மேலிருந்து வரும் மணல் அந்தப் பள்ளத்தில் படிந்து மட்டமாகிவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய உத்தி உண்டு. ஒரு சங்கிலியைப் படுகையில் செங்குத்தாகப் புதைத்து வைப்பார்கள். வெள்ளம் எந்த ஆழம்வரை மணலைக் கிளப்பியதோ அதுவரை சங்கிலி மடங்கிப் படுத்திருக்கும். பிறகு தோண்டிப் பார்த்து அளப்பார்கள். பாலத் தூணுக்கு எவ்வளவு ஆழத்தில் அடித்தளம் போடுவது என்பதை, காய்ந்த படுகையைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது என்பது இதனால்தான்.

முழங்கால் அளவு தண்ணிதானே, வண்டியில கடந்துடலாமா?

கூடாது. வேகமாக ஓடும் நீர் 15 செ.மீ. இருந்தாலே ஆளைத் தள்ளிவிடலாம். 30 செ.மீ. சிறிய காரை நகர்த்தும். 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். அதோடு முந்தைய பதிலைச் சேர்த்துப் பாருங்கள்: காலையில் நீங்கள் கடந்த தளம் இப்போது கலங்கல் நீருக்கடியில் அங்கேயே இருக்கிறதா என்று உங்களுக்குத் தெரியாது. காத்திருந்தால் பெரும்பாலும் சில மணி நேரத்தில் வடிந்துவிடும்.

ஆள் போய்ச் சேர்றதுக்குள்ள வடிஞ்சிடுமே, எப்படித்தான் அளக்குறாங்க?

பெரும்பாலும் வெள்ளம் போன பிறகுதான். கரையில் ஒட்டிய சேறு, மரக்கிளையில் சிக்கிய சருகு இவற்றை வைத்து நீர் எட்டிய உயரத்தைக் குறித்து, ஓடையின் குறுக்குவெட்டு, சரிவு, படுகையின் சொரசொரப்பு மூன்றையும் மானிங் சூத்திரத்தில் போட்டு உச்ச நீர்வரத்தைக் கணக்கிடுவார்கள். சொரசொரப்பைக் கண்ணால் பார்த்து மதிப்பிடுவதாலும், மேலே சொன்ன அரிப்பு மறைந்துவிடுவதாலும், இந்தக் கணக்கில் வரும் எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இன்னும் பின்னோக்கிப் போகவும் வழி இருக்கிறது. பெருவெள்ளத்தின்போது பாறைக் குகை, கிளை ஓடை முகம் போன்ற நீர் தேங்கும் மூலைகளில் நுண்மணல் படியும். அடுக்கடுக்காக இருக்கும் அந்தப் படிவுகளின் வயதைக் கரிமக் கணிப்பு போன்ற முறைகளால் கண்டறிந்து, ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முந்தைய வெள்ளங்களைக்கூட வரிசைப்படுத்துகிறார்கள். அளவீட்டுக் கருவி வைத்த வரலாறு குறைவாக உள்ள பாலைவனங்களில் இது பெரிய உதவி.

நூறு வருஷ வெள்ளம் போன வருஷம்தான் வந்துச்சு. இனி நம்ம காலத்துல வராதுல்ல?

‘நூறு வருட வெள்ளம்’ என்றால், ஒவ்வொரு வருடமும் வருவதற்கு 100இல் 1 வாய்ப்பு உள்ள வெள்ளம். போன வருடம் வந்தது இந்த வருட வாய்ப்பைக் குறைப்பதில்லை. 30 வருடம் ஒரே இடத்தில் குடியிருந்தால், அந்தக் காலத்தில் ஒரு தடவையாவது அதைச் சந்திக்கும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம்.

பாலைவனத்தில் இன்னொரு சிக்கல். ஈரப் பகுதி ஆற்றில் சாதாரண வருட வெள்ளத்துக்கும் நூறு வருட வெள்ளத்துக்கும் சில மடங்குதான் வித்தியாசம். இங்கே அது பல மடங்காக விரியும். பல வருடம் பூஜ்யம், சில வருடம் சிறு வெள்ளம், ஒரு வருடம் எல்லாவற்றையும் மிஞ்சும் ராட்சசன். ‘இந்த ஓடையின் சராசரி நீர்வரத்து எவ்வளவு’ என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்: எண் சொல்லலாம், ஆனால் அந்த அளவு தண்ணீர் அந்த ஓடையில் ஒரு நாளும் ஓடியிருக்காது.

பேசாம ஒரு அணை கட்டி நிறுத்திட்டா பிரச்சினை தீர்ந்துச்சே?

சில இடங்களில் கட்டுகிறார்கள், பயனும் இருக்கிறது. ஆனால் கலங்கலைப் பற்றிச் சொன்னது இங்கே திரும்பி வரும்: நீர்த்தேக்கம் மண்ணால் தூர்ந்துபோகும். ராட்சச வெள்ளத்தைப் பற்றிச் சொன்னதும் திரும்பி வரும். லிபியாவின் தெர்னா நகருக்குள் பெரும்பாலும் வறண்டு கிடக்கும் வாதி தெர்னாவின்மேல் இரண்டு அணைகள் இருந்தன. 2023 செப்டம்பரில் டேனியல் புயலின்போது, அருகிலுள்ள அல்-பைதாவில் 24 மணி நேரத்தில் 400 மி.மீ.க்கு மேல் பெய்தது. இரண்டும் உடைந்தன. ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அணை இருக்கிறது என்ற தைரியத்தில் கீழே நகரம் ஓடையோரம் வரை வளர்ந்திருந்தது.

எனக்குப் பிடித்தது ஏமனின் திஹாமா சமவெளி விவசாயிகளின் பழைய முறை. ஓடைக்குக் குறுக்கே மண்ணால் கரை போட்டு வெள்ளத்தை வயலுக்குத் திருப்புவார்கள். நடுத்தர வெள்ளம் வந்தால் வயல் நனையும். பெருவெள்ளம் வந்தால் அந்த மண்கரை உடைந்து, வயலைக் காப்பாற்றிவிட்டு வெள்ளத்தை ஓடையிலேயே அனுப்பிவிடும். பிறகு மறுபடி கரை போட்டுக்கொள்வார்கள். உழைப்பு அதிகம்தான், ஆனால் ஓடையின் குணம் தெரிந்து செய்தது.

ஓடைப் பள்ளத்தை விட்டுத் தள்ளி, மலையடிவார மேட்டுல வீடு கட்டினா பாதுகாப்புதானே?

அந்த மேடு விசிறி வடிவத்தில் மலைவாயிலிலிருந்து பரவியிருந்தால், இல்லை. அது ஓடையே கொட்டிய கல்லும் மண்ணும்தான். மலை இடுக்கிலிருந்து வெளியே வரும் வெள்ளம் அங்கே வேகம் குறைந்து சுமையை இறக்குகிறது. தான் இறக்கியதே வழியை அடைத்ததும் பக்கத்தில் வேறு வழி எடுத்துக்கொள்கிறது. இன்று ஓடை வடக்குப் பக்கம் ஓடுகிறது என்றால், அடுத்த பெருவெள்ளம் தெற்குப் பக்கம் ஓடலாம். விசிறி முழுவதும் ஓடைக்குச் சொந்தம் என்று எடுத்துக்கொள்வதே நல்லது.

இவ்வளவு தெரிஞ்சும் முன்கூட்டியே சொல்ல முடியலையே, ஏன்?

சிறிய மேகம், விரைவான வெள்ளம், உறிஞ்சும் படுகை, மூன்றும் சேர்ந்து படுத்துகின்றன. மழைமானி இரண்டுக்கு நடுவிலேயே மேகம் கொட்டிவிட்டுப் போய்விடலாம். ராடார் இருந்தால் மழையைப் பிடிக்கலாம், மேல்கிளையில் தானியங்கி நீர்மட்டக் கருவி இருந்தால் வெள்ளத்தைப் பிடிக்கலாம். அப்படியும் கிடைக்கும் அவகாசம் சிறிய ஓடையில் நிமிடக் கணக்குதான். சூடான காற்று ஒரு டிகிரிக்குச் சுமார் 7 சதவீதம் அதிக ஈரத்தைத் தாங்கும் என்பதால், மொத்த மழை குறைந்தாலும் கொட்டும் மழை பலக்க வாய்ப்பிருக்கிறது. பழைய பதிவுகளை மட்டும் நம்பிக் கணக்குப் போடுவது இதனால் இன்னும் கடினமாகிறது.

சீக்கிரம் வடிஞ்சிடும்னீங்க. பார்மரில் வாரக்கணக்கில் தண்ணி நின்னுச்சே?

நியாயமான கேள்வி. 2006 ஆகஸ்டில் ராஜஸ்தானின் பார்மர் மாவட்டத்தில், வருட சராசரியை மிஞ்சும் மழை சில நாட்களுக்குள் பெய்தது. கவாஸ் போன்ற கிராமங்கள் தாழ்நிலத்தில் இருக்கின்றன. தண்ணீர் வெளியேற வழி இல்லை. மணலுக்குக் கீழே நீரை எளிதில் விடாத ஜிப்சம் கனிம அடுக்கு இருந்ததால் ஊறவும் வழி இல்லை. மேலே பார்த்தால் மணல், அடியில் அடைப்பு.

இதுவரை சொன்ன பொது விதிகள் தண்ணீர் ஓடவும் ஊறவும் இடம் இருக்கும் ஓடைக்குப் பொருந்தும். மூடிய தாழ்நிலத்தில் ஓடை முடிந்தால், வெள்ளத்தின் கடைசிக் கட்டத்தை மணலுக்கடியில் என்ன இருக்கிறது என்பதே தீர்மானிக்கும். அங்கே குடியிருப்போ சாலையோ திட்டமிடுகிறவர்கள் மேற்பரப்பை மட்டும் பார்க்காமல் சில மீட்டர் துளையிட்டும் பார்க்க வேண்டும்.